நெடுந்தீவுத் துறையில் ஒரு பிற்பகல்

யாழ்ப்பாணத்திலிருந்து மேற்கே செல்லும் பாதை பண்ணைக் கடலைக் கடந்து, வேலணையைத் தொட்டு, நீண்ட தாம்போதி வழியே புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் கடலே பாதை. நெடுந்தீவுக்குச் செல்வோர் அங்கே வாகனத்தை விட்டிறங்கிப் படகேறுதல் வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அரிசியும் மாவும், சீமெந்தும் எரிபொருளும், மருந்தும் கடிதமும் அத்தீவை அடைவது அவ்வழியே. நோயாளரும் மாணவரும் யாழ்ப்பாணம் நோக்கி வருவதும் அவ்வழியே. இதனை நாம் முன்னரே அறிந்திருந்தோம். ஆயினும், ஒரு சிறு துவாரத்தினின்றும் சொட்டிய நீர்தான் அதன் பொருளை எமக்கு முழுதும் உணர்த்திற்று.

நாம் சென்றது சோளகக் காற்று வீசும் காலம். காலையில் கடல் அமைதியாகவே இருந்தது. மாவிலித்துறையில் இறங்கி, ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரந்த அத்தீவின் ஒரு பகுதியைச் சுற்றிப் பார்த்தோம். முருகைக் கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள் ஒழுங்கைகளின் இருமருங்கும் நீண்டு கிடந்தன. கோறைபட்ட அடிமரத்துள் மனிதர் நுழையக்கூடிய பெருக்குமரம், பாழடைந்த கோட்டை, வெட்டவெளியில் மேயும் குதிரைகள் ஆகியவற்றைக் கண்டோம். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இத்தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லம் ஆயிற்று. அப்பெயர்கள் மறைந்தன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ற் என்னும் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்து நிற்கிறது.

பிற்பகல் 2 மணிக்குத் திரும்பவேண்டிய படகைத் தேடித் துறைக்கு வந்தோம். பயணிகள் முப்பதின்மர் வரை காத்திருந்தனர். மறுநாட்காலை யாழ்ப்பாணத்தில் நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த மாணவி ஒருத்தி, சான்றிதழ்களைப் பொலித்தீன் உறையிற் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். தோளில் காய்ச்சற் பிள்ளையுடன் ஒரு தாய் நின்றாள். படகோ புறப்படவில்லை. இயந்திரப் பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. அதனுள் குனிந்திருந்தார் நரைத்த தலையுடைய ஒரு பெரியவர். அருகே விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான் அவருடைய மருமகன்.

இளைஞன் காலையில் இயந்திரத்தைத் துடைக்கும்போது, கடல்நீர்ப் பம்பியின் கீழே வெள்ளை வெளேரென உப்புப் படிந்திருக்கக் கண்டானாம். அதைச் சுரண்டிப் பார்த்தபோது, பம்பியின் அடியிலுள்ள சிறு துவாரத்தின் வழியே நீர் சொட்டியதாம். அதனை மாமனிடம் சொல்லியிருக்கிறான்.

கடல்நீர்ப் பம்பி என்பது யாது என வாசகர் வினவலாம். டீசல் இயந்திரத்தில் எரியும் எண்ணெயின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே படகைச் செலுத்தப் பயன்படுகிறது. எஞ்சியது பெரும்பாலும் வெப்பமாகிவிடும். அவ்வெப்பத்தை அகற்றாவிடின் இயந்திரம் சில நிமிடங்களிற் கெட்டுவிடும். ஆனால், கடல்நீரை நேரே இயந்திரத்தினுள் ஓடவிடுவதிலும் ஒரு தொல்லை உண்டு. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. நீர் மிகச் சூடேறின், அவற்றுட் சில இரும்பின்மேற் படிந்து வழியை அடைக்கும். ஆதலின், இத்தகைய இயந்திரங்களுள் நன்னீரே சுழல்கிறது. அந்நன்னீரைக் குளிரச் செய்வதற்கு, குழாய்கள் நிறைந்த ஒரு பாத்திரத்தினூடே கடல்நீர் ஓடுகிறது. அந்நீரைக் கடலிலிருந்து உறிஞ்சித் தள்ளுவதே இப்பம்பியின் தொழில். வெண்கல உறையினுள் றப்பர் இறக்கைகளுடைய ஒரு சிறு சக்கரம் சுழலும். அதனை இம்பெல்லர் என்பர்.

தண்டையல் கடலைப் பார்த்தார். காற்று எழத் தொடங்கியிருந்தது. "அண்ணை, பின்னேரம் கடல் இன்னும் கிளம்பும். என்ன செய்வம்?" என்றார்.

பயணி ஒருவர் பொறுமையிழந்து, "ஒரு மரக்குச்சியைச் சீவி அந்த ஓட்டையில அடிச்சுப்போட்டு வெளிக்கிடுவம். ஒரு மணித்தியாலந்தானே?" என்றார். உண்மையைச் சொல்லுவதானால், நாமும் அதற்குத் தலையசைத்தோம். கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலை எமக்கு.

பெரியவர் தலையை நிமிர்த்தினார். "உந்த ஓட்டையை அடைச்சா தண்ணி நிக்காது, தம்பி. எங்களுக்குத் தெரியாமல் உள்ளுக்குப் போகும்," என்றார்.

பின்னர், பம்பியைக் கழற்றியவாறே அவர் விளக்கியதை இங்கே தருகிறோம். பம்பியின் தண்டு ஒன்றே. அதன் ஒரு முனை கடல்நீரில்; மறுமுனை இயந்திரத்தின் எண்ணெயில். இரண்டும் ஒன்றையொன்று அணுகாதபடி தண்டைச் சுற்றி இரண்டு றப்பர் சீல்கள் காவல் நிற்கின்றன. இரு காவலர்க்கும் நடுவே ஒரு வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது. அவ்வெற்றிடத்தின் அடியிலேதான் அத்துவாரம் உள்ளது. நீர்ப்பக்கச் சீல் தேய்ந்தால் நீர் சொட்டும். எண்ணெய்ப்பக்கச் சீல் தேய்ந்தால் எண்ணெய் சொட்டும். துவாரத்தை அடைத்துவிட்டால், வெளியேற வழியற்ற உப்புநீர் இரண்டாவது சீலையும் கடந்து எண்ணெயிற் கலக்கும். அவ்வெண்ணெய் தன் வழுவழுப்பை இழக்க, இயந்திரத்தின் உள்ளுறுப்புகள் உராய்ந்து அழியும். நடுக்கடலில் இயந்திரம் நின்றால், சோளகம் படகை எங்கே கொண்டுசெல்லும் என்று எவரும் சொல்ல முடியாது.

முதலில் அவர் எண்ணெய் அளவுக் கோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் கருமையாகவே இருந்தது. "பால் தேத்தண்ணி மாதிரி இருந்திருந்தா இண்டைக்குப் பயணமே இல்லை," என்றார். அதன்பின் கடல்நீர் வரும் வால்வை மூடச் செய்தார். அதனை மூடாது குழாயைக் கழற்றின், கடல் படகினுள் புகுந்துவிடும் அல்லவா?

பம்பியின் மூடியைத் திறந்ததும் வேறொரு குறையும் தெரிந்தது. இம்பெல்லரின் இறக்கை ஒன்றில் நுனி இல்லை. எம் கண்ணுக்கு அது சிறு துண்டு. பெரியவரோ, "அதைக் காணாமல் பூட்ட ஏலாது," என்று உறுதியாகச் சொன்னார். அத்துண்டு நீரோடு சென்று குளிர்விக்கும் பாத்திரத்தின் குழாய்வாயை அடைத்துக்கொண்டால், பம்பி சரியாயிருந்தும் இயந்திரம் சூடேறும். மருமகன் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடினான். அரைமணி நேரம் கழிந்தது. பிள்ளை அழுதது. தாய் அதனைத் தோள் மாற்றினாள். ஈற்றில், பாத்திரத்தின் வாயிலிலே சிக்கியிருந்த அக்கருந்துண்டை இளைஞன் விரலால் எடுத்துக் காட்டினான்.

தண்டை வெளியே எடுத்த பெரியவர், அதன்மீது நகத்தை மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் நகம் தடுக்கிற்று. பன்னாட்கள் சீல் உராய்ந்த இடத்தில் உருக்கிலேயே மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது. உருக்கை றப்பர் தேய்க்குமா என வியந்தோம். றப்பரின் விளிம்பில் அகப்பட்ட மணலும் உப்பும் நாளடைவில் அதனைச் செய்துவிடுமாம். அப்பள்ளத்தின்மேல் புதுச் சீலை அமர்த்தினாலும் நீர் மீண்டும் கசியும். புதுத் தண்டோ யாழ்ப்பாணத்திலிருந்துதான் வரவேண்டும். பெரியவர் சிறிது சிந்தித்தார். தம் தகரப் பெட்டியிலிருந்து மெல்லிய உலோக வளையம் ஒன்றைத் தெரிந்து, சீலுக்குப் பின்னால் வைத்தார். அதனால் சீலின் விளிம்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தள்ளித் தேயாத உருக்கின்மேல் அமர்ந்தது. "இது தண்டு வருமட்டும்," என்று தண்டையலுக்குச் சொன்னார். நாளையே தண்டுக்குச் சொல்லியனுப்புவதாகத் தண்டையலும் வாக்களித்தார்.

தண்டைத் தாங்கும் பேரிங்கை விரலாற் சுழற்றிக் காதருகே பிடித்தார். உப்புநீர் அதனை இன்னும் எட்டவில்லை, ஒலியின்றிச் சுழன்றது. மூடியின் உட்புறத்தில் இம்பெல்லர் தேய்த்த வட்டக் கோடுகள் இருந்தன. அதனைப் புரட்டி, தேயாத புறம் உள்ளே வரும்படி பூட்டினார். புது இம்பெல்லருக்குச் சவர்க்கார நீர் தடவினார். கிறீசு தடவலாகாதா என்று கேட்டோம். சில கிறீசு வகைகள் இந்த றப்பரை ஊதச் செய்து கெடுக்கும் என்றார். இறக்கைகள் அனைத்தும் சுழலும் திசைக்கேற்ப வளைந்திருக்கின்றனவா என்று நோக்கி, காகித வாசரை வைத்து மூடினார்.

வால்வு திறக்கப்பட்டது. இயந்திரம் முழங்கிற்று. அனைவரும் படகின் பின்புறத்தை எட்டிப் பார்த்தனர். புகைக்குழாயின் வழியே நீர் குபுகுபுவெனக் கொட்டியது. பம்பி உறிஞ்சிய கடல், தன் வேலையை முடித்துக் கடலுக்கே திரும்பிற்று. மரக்குச்சி பற்றிச் சொன்னவரே முதலிற் சிரித்தார்.

மணி 5. படகு துறையை விட்டது. நடுவழியில் அலை உயர்ந்தது. தண்டையல் வேகத்தைக் குறைத்து, அணியத்தை அலைக்கு நேரே திருப்பினார். பெண்கள் பிள்ளைகளை இறுக அணைத்துக்கொண்டனர். படகின் ஆட்டத்திடையே இயந்திரத்தின் ஒலி மட்டும் ஒரே சீராக இருந்தது. அவ்வொலியைப் போல் ஆறுதல் தந்த இசையை நாம் அண்மையிற் கேட்டதில்லை.

பெரியவர் பெட்டியின் மூடியைத் தூக்கி, ஒரு காகிதத் துண்டைத் துவாரத்தின் கீழே சிறிது நேரம் பிடித்தார். அதனை மாணவியிடம் நீட்டினார். அவள் தொட்டுப் பார்த்து, "காய்ஞ்சிருக்கு, ஐயா," என்றாள்.

"காய்ஞ்சிருந்தாலும் ஒவ்வொரு நாளும் பாக்க வேணும், பிள்ளை," என்றார் அவர். அது அவளுக்குச் சொன்னதா, மருமகனுக்குச் சொன்னதா என்று எமக்குத் தெரியவில்லை.

அந்தி சாயும் வேளையில் குறிகட்டுவானை அடைந்தோம். பேருந்து காத்து நின்றது. தாயும் பிள்ளையும் முதலில் ஏறினர். சான்றிதழ்கள் நனையாதிருந்தன. அன்று நாம் தலையசைத்தபடி நடந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிக்கொண்டே ஊர் திரும்பினோம். குறையை மறைக்காது காட்டவென்றே பம்பியை வடித்தவன் அத்துவாரத்தை வைத்தான். அதனை மூடாதிருக்கும் துணிவு ஒருவரிடம் இருந்தமையால் நாம் அனைவரும் கரை சேர்ந்தோம்.