வண்டு வண்டியும் ஒரு சிவப்பு லைட்டும்

இந்த வாரம் ஆபீசில் ஆணி கொஞ்சம் கம்மி. சனிக்கிழமை காலையில லேப்டாப்பை மூடி வச்சிட்டு பக்கத்து வீட்டு கராஜுக்குள்ள போனவன் சாயங்காலம்தான் வெளிய வந்தேன். தங்கமணி என் சட்டையைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. அந்த மௌனத்தைப் பத்தி தனிப் பதிவே போடலாம், இப்ப வேணாம்.

நான் மெக்கானிக்கல் படிச்சவன்னு டிகிரி சொல்லும். நாலு வருஷத்துல லேத்துல ஒரு பெரிய உருளையைச் சின்ன உருளையாக்கினதோட சரி. கேம்பஸில் ஒரு மென்பொருள் கம்பெனி வந்துச்சு, அன்னைலேர்ந்து பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். அதனால 1971-ம் வருஷத்து ஃபோக்ஸ்வேகன் பீட்டிலோட டாஷ்போர்டுல இருந்து மீட்டரைக் கழட்டித் தரச் சொல்லி ஒருத்தர் என்னைக் கேட்டப்போ எனக்கே ஆச்சரியம்தான்.

கேட்டவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. இங்க சான் ஹோசேயில எங்களுக்கு முன்னாலேர்ந்தே இருக்கார். பேர் சொல்லிக் கூப்பிடுன்னு மூணு வருஷமா சொல்றார். எழுபத்தெட்டு வயசுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராம இன்னும் 'சார்'னுதான் இழுக்கிறேன். அந்த வண்டியோட ஒவ்வொரு போல்ட்டும் அவருக்குத் தெரியும். ஆனா ரெண்டு வருஷமா கை நடுக்கம். ஸ்பூனைப் பிடிக்கவே கஷ்டப்படுறவர் டாஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற சின்ன ஸ்க்ரூவை எங்க பிடிக்கிறது? "மூளை என்னோடது, கை உன்னோடது. சரியா?"ன்னார். ஆபீசில் என் மேனேஜரும் இதே ஏற்பாட்டைத்தான் வச்சிருக்கார், என்ன, அவர் இப்படி வெளிப்படையாச் சொன்னதில்லை :-)

விஷயம் இதுதான். பேத்திக்குப் புது வேலை கிடைச்சிருக்கு. தினமும் 280 ஹைவேயில போகணும். வண்டியை அவளுக்குக் கொடுக்கிறதா வாக்கு கொடுத்தாச்சு. ஆனா சாவியைப் போட்டா ஜெனரேட்டர் லைட் எரியலை. அது எரியாம வண்டி வாசலைத் தாண்டாதுன்னு பெரியவர் உறுதியா நின்னுட்டார். அந்தப் பொண்ணும், "ஒரு பல்புக்காகவா?"ன்னு கடுப்புல இருந்துச்சு.

முதல்ல எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. அப்புறம் விளக்கிச் சொன்னார். பீட்டில்ல ரேடியேட்டர் கிடையாது, தண்ணி கிடையாது. டெம்பரேச்சர் மீட்டரும் கிடையாது. பின்னாடி இருக்கிற இன்ஜினைக் குளிர வைக்கிறது ஒரு ஃபேன் ஊதுற காத்துதான். அந்த ஃபேன் ஜெனரேட்டரோட அதே தண்டுல மாட்டியிருக்கு. ரெண்டையும் சுத்துறது ஒரே ஒரு பெல்ட். பெல்ட் அறுந்தா சார்ஜும் நிக்கும், காத்தும் நிக்கும். சார்ஜ் நின்னா வண்டி பேட்டரியில கொஞ்ச தூரம் ஓடும். காத்து நின்னா சில நிமிஷத்துல இன்ஜின் வெந்துரும். இதை டிரைவருக்குச் சொல்றதுக்கு வண்டியில இருக்கிறது அந்தச் சிவப்பு லைட் மட்டும்தான். அதாவது பேட்டரிக்குன்னு வச்ச லைட்டு இன்ஜினுக்கும் காவல் நிக்குது.

அந்த லைட்டோட சர்க்யூட் ரொம்ப அழகு. பல்போட ஒரு பக்கம் சாவி வழியா பேட்டரி, இன்னொரு பக்கம் ஜெனரேட்டர். இன்ஜின் ஓடாதப்போ ஜெனரேட்டர் பக்கம் வோல்டேஜ் இல்லை, அதனால கரண்ட் பல்பு வழியா ஜெனரேட்டருக்குப் பாயும், லைட் எரியும். இன்ஜின் ஓடினா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜ். கரண்ட் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்கும், லைட் அணையும். பெல்ட் அறுந்தா மறுபடி எரியும். சிப் இல்லை, சென்சார் இல்லை, ஒத்தை வரி கோடு இல்லை. ஆனா லைட் செத்துப்போனா, "எல்லாம் நல்லா இருக்கு"ங்கிற மாதிரியே தெரியும். அலெர்ட் வரலைன்னா சர்வர் நல்லா ஓடுதுன்னு அர்த்தமா, இல்லை அலெர்ட் அனுப்புற ப்ரோகிராம் செத்துருச்சுன்னு அர்த்தமா? ராத்திரி ரெண்டு மணிக்கு ஆன்கால் பார்த்தவங்களுக்கு இது புரியும்.

முதல் சோதனை பின் சீட்டுக்கு அடியில. பேட்டரியும் ரெகுலேட்டரும் அங்கதான் குடியிருக்கு. ரெகுலேட்டர்ல 61-ம் நம்பர் போட்ட இடத்துல இருந்து நீல ஒயரைக் கழட்டி, சாவியைப் போட்டு, அதை பாடியில தொட வச்சா லைட் எரியணும். எரிஞ்சா ஜெனரேட்டர் பக்கம் கோளாறு. எரியலைன்னா பல்பு, இல்லைன்னா நடுவுல இருக்கிற ஒயர். தொட்டோம். எரியலை. "அப்ப உன் வேலை முன்னாடிதான்"னு கையைக் காட்டினார்.

முன்னாடின்னா டிக்கி. பீட்டில்ல எல்லாம் தலைகீழ், இன்ஜின் இருக்க வேண்டிய இடத்துல ஸ்டெப்னியும் பெட்ரோல் டேங்கும் இருக்கும். மூடியைத் திறக்கிற பிடி கிளவ் பாக்ஸுக்குள்ள. திறந்து, உள்ள இருக்கிற அட்டையை எடுத்தா டாஷ்போர்டோட முதுகு அப்படியே தெரியுது. ஸ்டீயரிங்குக்கு அடியில மல்லாந்து படுத்து, மூஞ்சியில தூசி கொட்டி, ஒத்தைக் கையால துழாவுற வேலையே இல்லை. நின்னுக்கிட்டே பார்க்கலாம். வடிவமைச்ச புண்ணியவான்கள் வாழ்க.

"பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டிட்டியா?" கழட்டியாச்சு. "ஃபோட்டோ?" எடுத்தாச்சு, பதினாலு. அவருக்கு ஃபோட்டோ போதலை. மாஸ்கிங் டேப்புல நம்பர் எழுதி ஒவ்வொரு ஒயர்லயும் ஒட்ட வச்சார். நானும் முணுமுணுத்துக்கிட்டே ஒட்டினேன். ஒயரோட கலர் ஒரு பெரிய கதை. ஜெர்மன் வண்டியில பிரவுன்னா எர்த். சிவப்பு எப்பவும் உயிரோட இருக்கும், கறுப்பு சாவி போட்டா உயிர் வரும். பழைய பிரிட்டிஷ் வண்டியில லூகாஸ் கலர்படி பிரவுன்தான் நேரா பேட்டரியில இருந்து வர்றது, கறுப்புதான் எர்த். ஒரு ஊர்ல கத்துக்கிட்டதை வச்சு இன்னொரு ஊர் வண்டியில கை வச்சா புகைதான் வரும். நம்ம வேரியபிளுக்கு அவனவன் இஷ்டத்துக்குப் பேர் வைக்கிற கொடுமை இவங்ககிட்டயும் இருக்கு.

பீட்டில்ல மீட்டர் ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஒரு வட்டத்துக்குள்ளயே வேகம், பெட்ரோல், எச்சரிக்கை லைட்டெல்லாம் அடக்கம். பல்பு ஹோல்டரெல்லாம் பின்னாடி செருகினது, இழுத்தா கையோட வரும். வேகத்தைச் சொல்ற கேபிளைக் கையாலயே திருகி எடுத்தேன். பிடிச்சிருக்கிறது ரெண்டே ஸ்க்ரூ. ஸ்டீயரிங் தண்டு மேல டவலை மடிச்சு வச்சுட்டு, டிக்கிப் பக்கத்துல இருந்து மெதுவாத் தள்ளினா, மீட்டர் வழுக்கிக்கிட்டு டிரைவர் பக்கம் வந்து டவல்ல உட்கார்ந்துச்சு. டார்ச் பிடிக்கிறேன்னு அவர் கேட்டார், உடனே அவரே, "வேணாம், நான் பிடிச்சா டிஸ்கோ ஆயிரும்"னு சிரிச்சார். எனக்குச் சிரிக்கிறதா வேணாமான்னு தெரியலை.

மீட்டரைக் கையில எடுத்துப் பார்க்கிறப்பதான் காலேஜ்ல படிச்சது ஞாபகம் வந்துச்சு. கேபிள் வர்றது முன் இடது சக்கரத்துல இருந்து. சக்கரத்தோட கிரீஸ் மூடி நடுவுல சதுரமா ஒரு ஓட்டை, அதுக்குள்ள கேபிளோட சதுர முனை. சக்கரம் சுத்தினா கேபிள் சுத்தும், மீட்டருக்குள்ள ஒரு காந்தம் சுத்தும். காந்தத்தை மூடின மாதிரி ஒரு அலுமினியக் கிண்ணம். ரெண்டும் தொட்டுக்கிறதே இல்லை. சுத்துற காந்தம் கிண்ணத்துல சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி அதை இழுக்கும், மெல்லிய ஸ்பிரிங் ஒண்ணு பின்னாடி இழுக்கும், நடுவுல முள்ளு நிக்கும். ஜெர்மனியில ஆட்டோ ஷுல்ட்ஸே இதுக்கு காப்புரிமை வாங்கினது 1902-ல். எட்டு மார்க் கேள்விக்கு இதை மனப்பாடம் பண்ணி எழுதினவன்தான் நானும். கையில பிடிச்சு, பின்பக்கம் இருக்கிற சதுரத் துளையை ஒரு குச்சியால சுத்தி, முள்ளு எழுந்திரிக்கிறதைப் பார்க்க இத்தனை வருஷம் ஆச்சு.

உள்ள கிலோமீட்டர், மன்னிக்கணும், மைல் எண்ணுற சக்கரத்துல அழுக்கு படிஞ்சிருந்துச்சு. துடைக்கட்டுமான்னு கேட்டேன். "அந்த நம்பர் பக்கமே போகாதே." குரல் கொஞ்சம் மாறிடுச்சு. அமெரிக்காவுல 1972-லயே ஓடோமீட்டரைத் திருத்துறதைத் தடுத்து சட்டம் வந்தாச்சு. ரிப்பேர் பண்றப்போ பழைய எண்ணை வைக்க முடியலைன்னா சைபர்ல வச்சு, இடது கதவு சட்டத்துல சீட்டு ஒட்டணும். இவர் வேண்டாம்னது அதுக்காக இல்லை. ஐஞ்சு இலக்கம்தான், 99,999 தாண்டினா மறுபடி சைபர். ரெண்டு தடவை தாண்டியிருக்கு. முதல் தடவை சைபர் ஆனப்போ ஓட்டினது அவர் மனைவி. சாலை ஓரமா வண்டியை நிறுத்திட்டு இவருக்கு ஃபோன் பண்ணக் கடையைத் தேடி நடந்தாங்களாம். எனக்கு வாயில வந்த இன்டிஜர் ஓவர்ஃப்ளோ ஜோக்கை முழுங்கிட்டேன்.

பல்பை எடுத்து ஒன்பது வோல்ட் பேட்டரியில வச்சுப் பார்த்தா ஜம்முன்னு எரியுது! பக்கத்துல ஆயில் லைட்டுக்கும் இதுக்கும் ஒரே கறுப்பு ஒயர்தான் கரண்ட் கொடுக்குது, ஆயில் லைட் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. மிச்சம் நீல ஒயர். மல்டிமீட்டரோட ஒயர் பின் சீட் வரைக்கும் எட்டலை, நீளமா வேற ஒயரை ஒட்டுப்போட்டு சோதிச்சேன். பீப் இல்லை. டாஷ் பக்கத்து முனையை லேசா வளைச்சப்போ ஒரு பீப், விட்டா மௌனம். மேல உறை நல்லா இருக்கு, உள்ள செம்பு பச்சை பூத்து அறுந்திருக்கு. ரெண்டு சென்டிமீட்டர் வெட்டி, புது முனை வச்சு அழுத்தினேன். தொடர்ந்து பீப். ஒரு நாள் பூரா தேடினதுக்கு மருந்து அவ்வளவுதான்.

கேபிளுக்கு கிராஃபைட் போடச் சொன்னார், எண்ணெய் வேண்டாம்னார். எண்ணெய் கேபிளோட ஏறி மீட்டருக்குள்ள போய் அந்தக் கிண்ணத்தை ஒட்டிரும். பெட்ரோல் முள்ளுக்குக் குறைஞ்ச வோல்டேஜ் கொடுக்கிற குட்டி டப்பா ஒண்ணு மீட்டரோட முதுகுல இருக்கு, அதைத் தாண்டி நேரா 12 வோல்ட் கொடுத்தா முள்ளு கதி அதோகதி. டேப்புல எழுதின நம்பரைப் பார்த்துப் பார்த்து எல்லாத்தையும் மாட்டினேன். (முணுமுணுத்ததை வாபஸ் வாங்கிக்கிறேன். ஃபோட்டோவுல பாதி ஒயர் நிழல்ல இருந்துச்சு.)

சாவி போட்டோம். சிவப்பு எரிஞ்சுது. இன்ஜின் ஓடிச்சு, அணைஞ்சுது. நான் கை துடைக்கத் துணி தேடினேன். அவர் அசையலை. "இன்னும் பாக்கி இருக்கு"ன்னு பேத்தியைக் கூப்பிட்டார்.

21 ஸ்பேனரை அவ கையில கொடுத்து பெல்ட்டைக் கழட்டச் சொன்னார். ஜெனரேட்டர் கப்பியோட வெட்டுல ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நிறுத்திட்டு நட்டைத் திருப்பணும். மூணாவது முயற்சியில வந்துச்சு, நகம் ஒண்ணு போச்சு, சில நல்ல ஆங்கில வார்த்தைகளும் வந்துச்சு. பெல்ட் இல்லாம ஐஞ்சே விநாடி ஸ்டார்ட் பண்ணினா. இன்ஜின் எப்பவும் போலத்தான் உறுமுது. சத்தத்துல எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியலை. டாஷ்ல மட்டும் சிவப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. உடனே அணைச்சா.

"ஹைவேயில இது எரிஞ்சா என்ன செய்வே?"

"அடுத்த எக்ஸிட்ல..."

"இல்லை."

கொஞ்ச நேரம் யோசிச்சா. "ஓரமா ஒதுங்கி, அங்கயே ஆஃப் பண்ணுவேன்."

மறுபடி பெல்ட்டை அவளே மாட்டினா. பெரியவர் கிளவ் பாக்ஸைத் திறந்து, ஸ்பேர் பெல்ட் ஒண்ணையும் அந்த 21 ஸ்பேனரையும் உள்ள வச்சுட்டு, சாவியை நீட்டினார். கை ஆடிக்கிட்டே இருந்ததுல சாவிக்கொத்து கிணுகிணுன்னுச்சு. அவ ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா.