ஊட்டக்கேடு என்றொரு பெயர்

தசையைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் 'மஸில்' என்னும் சொல், லத்தீன் மொழியில் சுண்டெலியைக் குறிக்கும் 'மஸ்குலஸ்' என்பதிலிருந்து பிறந்தது. தோலுக்கடியில் எலி ஓடுவதாக அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நம்மவர்களோ அதே புடைப்பில் மீனைக் கண்டு கெண்டைக்கால் என்றனர். காவிரிக்கரையில் வாழும் நமக்கு எலியைவிடக் கெண்டையே பொருத்தமாகப் படுகிறது என்றால் அதை மொழிப்பற்று என்று தள்ளிவிட வேண்டாம்.

திருவரங்கத்தில் வசிக்கும் நம் முன்னாள் மாணவி ஒருவரின் மகனுக்குக் கெண்டைக்கால்கள் வயதுக்கு மீறித் திரண்டிருந்தன. பயில்வான் கால் என்று பாட்டிக்குப் பெருமை. ஐந்து வயதில் அவனை மலைக்கோட்டைக்கு அழைத்துச் சென்றபோதுதான் தாய் கவனித்திருக்கிறார்: ஒவ்வொரு படிக்கும் தொடையில் கையூன்றி ஏறினான், உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது தன் உடலையே ஏணியாக்கி, முழங்கால், தொடை என்று கைகளை மேலே மேலே வைத்து நிமிர்ந்தான். பிரிட்டிஷ் மருத்துவர் கவர்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த அடையாளம் இது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

திருச்சியில் இரத்தம் சோதித்தார்கள். தசை சிதையும்போது இரத்தத்தில் கலக்கும் கிரியாட்டின் கைனேஸ் என்னும் நொதி பன்மடங்கு கூடியிருந்தது. முதல் தாளில் 'மயோபதி' என்றும், மரபணுச் சோதனைக்குப் பிறகு வந்த தாளில் 'டுஷேன் மஸ்குலர் டிஸ்ட்ரபி' என்றும் எழுதியிருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். "டாக்டர் சொன்னது பாதிதான் புரிந்தது. இந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் என்ன ஐயா?"

'மயோபதி' எளிது, தசைநோய் என்னும் பொதுப்பெயர், அவ்வளவே. 'டுஷேன்' என்பது 1860-களில் இந்நோயை விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர். 'டிஸ்ட்ரபி'க்கு வந்தபோது தயங்கினோம். கிரேக்கத்தில் 'டிஸ்' என்றால் கேடு. 'ட்ரோஃபே' என்றால் ஊட்டம். சொல்லுக்குச் சொல் வைத்தால் தசையூட்டக்கேடு. அந்த வீட்டிலோ, பிள்ளைக்குச் சத்தாக ஊட்டி வளர்க்கவில்லை என்ற பேச்சு அதற்குள் தொடங்கியிருந்தது.

பெயர் வைத்தவர்களையும் குறை சொல்வதற்கில்லை. மரபணுவரை போய்ப் பார்க்கும் கருவி அவர்களிடம் இல்லை. திசு மெலிவதைக் கண்டு, அதற்குரிய ஊட்டம் கெட்டதாகக் கருதினர். 1986-இல்தான் பாஸ்டனில் குங்கெல் குழுவினர் காரணமான மரபணுவைப் பிடித்தனர். மறுஆண்டு அது உருவாக்கும் புரதம் அகப்பட்டது. நானூறு ஆண்டுகளாக மொட்டையாக நின்ற நம் இராயகோபுரம் பதின்மூன்று நிலைகளோடு எழுந்து குடமுழுக்குக் கண்டதும் அதே 1987-இல்தான். புரதத்துக்கு 'டிஸ்ட்ரோபின்' என்று பெயரிட்டார்கள். தசையிழையின் உட்சட்டகத்தை அதன் உறையோடு பிணைத்துக் காக்கும் புரதத்துக்கு, அது இல்லாதபோது வரும் நோயின் பெயர்! கருவூலத்துக்கு வறுமை என்று பெயர் வைத்ததுபோல. இந்தப் பிணைப்பு இல்லையென்றால் ஒவ்வோர் அசைவிலும் இழையின் உறை கிழிகிறது. நாளடைவில் தசையிருந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடிக்கின்றன. பாட்டி பெருமைப்பட்ட திரட்சி பெரும்பாலும் அதுதான்.

ஆக, பாலுக்கும் முட்டைக்கும் இதில் பங்கில்லை. தமிழ் நாளிதழ்கள் எழுதும் 'தசைச் சிதைவு' என்ற பெயரே மேல் என்போம். வேர்ச்சொல்லுக்கு விசுவாசமில்லாவிட்டாலும் உண்மைக்கு விசுவாசமானது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனித்துப் பெயர் சொல்லும் 21 குறைபாடுகளில் இதுவும் ஒன்று.

"அப்படியென்றால் என்னதான் பிழை?" என்று கேட்டார். மரபணு மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுகிறது. தாளில் 'அவள் மகன் நலம்' என்று எழுதிக்காட்டினோம். ஒன்பது எழுத்து, மூன்று சீர். நடுவே 'மகன்' முழுவதும் விடுபட்டால் 'அவள் நலம்' என்று எஞ்சும்; குறையுண்டு, பொருளுமுண்டு. பெக்கர் எனப்படும் மென்மையான வகை பெரும்பாலும் இப்படிப்பட்டது. 'வ' மட்டும் விடுபட்டு, மூன்று மூன்றாகவே வாசித்தால்? 'அள்ம கன்ந லம்.' எந்த இலக்கணத்திலும் அடங்காது. அந்த இடத்துக்குப் பின் வருவதெல்லாம் பாழ். டுஷேன் பெரும்பாலும் இது. அழிந்த இடத்தை அடுத்து இன்னும் சிறிது தாண்டவைத்து வாசிப்பைச் சீர்ப்படுத்தும் மருந்தொன்றுக்கு 2016-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. அது சிலவகைப் பிழைகளுக்கே பொருந்தும், விலையோ நம்மவர்க்கு எட்டாதது. ஸ்டீராய்டும் உடற்பயிற்சியும் மூச்சுக் கவனிப்பும் காலத்தை நீட்டித் தருகின்றன. பதின்வயதோடு முடிந்த வாழ்வு இப்போது பலருக்கு முப்பதைக் கடக்கிறது.

அவர் அந்த ஒன்பது எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த கேள்வி வந்தது. அதைத்தான் நாம் அஞ்சியிருந்தோம். பிழை எக்ஸ் நிறப்புரியில் இருப்பது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்தே வரும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களில் தாய் அதை அறியாமல் சுமப்பவர். மற்றவற்றில் பிழை புதிதாக நேர்வது. சுமப்பதும் செய்வதும் வேறு என்றோம். கையெழுத்துப் படியில் ஒரு பிழை தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்டு வந்தால் கடைசி ஏட்டைப் பெயர்த்தெழுதியவரை எந்தப் பதிப்பாசிரியரும் குற்றஞ்சாட்டுவதில்லை. உ.வே.சா.வின் முன்னுரைகளைப் பாடங்கேட்டவர் அவர். அது அவருக்குப் புரிந்தது. ஆறுதலாக இருந்ததா என்பது வேறு.

வேறு வகைகள் பெண்களையும் தாக்கும். சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்னும் சகோதரிகள் இருவருமே தசைச் சிதைவுக்கு ஆளாகி, தம்மைப் போன்றவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினர். வானவன் மாதேவி 2017-இல் மறைந்தார். சோழப் பேரரசியின் பெயர். அவர்களைப் பற்றிச் சொன்னபோது மாணவி குறுக்கிட்டு, அங்கே சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் இருக்கிறதா என்று கேட்டார். அவருடைய வீட்டு வாசலில் மூன்று உயரமான படிகள்.

மாமியாரிடம் அந்தத் தாளைக் காட்டினாராம். 'அள்ம கன்ந' என்பதை அவர் இரண்டுமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாராம். ஊட்டுவதைப் பற்றி அதன்பிறகு பேச்சில்லை. மாணவியின் தங்கைக்குத் தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. இருவரும் சேர்ந்து போய் இரத்தம் கொடுத்து வந்திருக்கிறார்கள். முடிவு வர இன்னும் மூன்று வாரம் ஆகுமாம்.