பெயர் ஒன்று, உருவம் மூன்று

சீனியை விலக்குமாறு பணிக்கப்பட்ட நீரிழிவு நோயாளிக்கு இனிப்பு என்பது ஆடம்பரமன்று. பிறரோடு அமர்ந்து, பிறர் அருந்துவது போன்ற தேநீரைத் தாமும் அருந்தும் ஆறுதலாகும். அவ்வாறுதலை நெடுங்காலமாக நல்கிவந்த பொருள் சக்கரின். 1879ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், இரா றெம்சனின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஃபால்பேர்க் என்பார் அதன் இனிமையைத் தற்செயலாகக் கண்டறிந்தார். அது சீனியிலும் ஏறத்தாழ 300 மடங்கு இனிப்புடையது.

சக்கரின் என ஒரே பெயராற் சுட்டப்படினும் அது மூன்று முக்கிய உருவங்களில் வழங்குகின்றது. அமில உருவம் 1 கிராமைக் கரைப்பதற்கு ஏறத்தாழ 290 மில்லிலீற்றர் நீர் வேண்டும். சோடியம் உப்பாக மாற்றப்பட்டதும் அதே அளவு 1.5 மில்லிலீற்றர் நீரிலேயே கரைந்துவிடுகின்றது. ஆதலாற் பானங்களில் அதுவே பெரிதும் பயன்படலாயிற்று. சோடியத்தைக் குறைக்கவேண்டியோருக்குக் கல்சியம் உப்பு உதவுகின்றது. நீரிற் கரைந்தபின் நாவுக்கு இனிமை தருவது மூன்றிலும் ஒன்றே. எனவே, இவ்வேறுபாடு கரைதிறன் பற்றியது மட்டுமே எனக் கருதுதல் இயல்பு.

அக்கருத்து முழுமையானதன்று என்பதைப் பின்னைய வரலாறு காட்டிற்று. கனடாவில் நடந்த ஆய்வொன்றில், உணவின் 5 வீதம் வரை சோடியம் சக்கரின் உண்ட ஆண் எலிகளின் சிறுநீர்ப்பையிற் கட்டிகள் தோன்றின. 1977இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் சக்கரினைத் தடைசெய்ய முனைந்தது. சைக்கிளமேற்று 1969இலேயே விலக்கப்பட்டிருந்தமையால், அந்நாட்டு நீரிழிவு நோயாளருக்கு எஞ்சியிருந்த செயற்கை இனிப்பு இஃதொன்றே. மக்களின் எதிர்ப்பினால் அந்நாட்டுச் சட்டமன்றம் தடையை ஒத்திவைத்து, எச்சரிக்கை வாசகம் பொறிக்குமாறு விதித்தது.

பின்னர், மூன்று உருவங்களும் தனித்தனியே எலிகளுக்கு ஊட்டி ஒப்பிடப்பட்டன. சோடியம் உருவம் சிறுநீர்ப்பைச் சுவரைத் தாக்கிற்று. கல்சியம் உருவத்தின் தாக்கம் குறைவு. அமில உருவமோ அதனைத் தாக்கவில்லை. மிகையான சோடியம் உப்பினால் எலியின் சிறுநீர் மாறுபட்டு, அதிற் படியும் நுண்துகள்களே சுவரைப் புண்படுத்தின என்பதும், மனிதரிடம் அந்நிலை ஏற்படுவதில்லை என்பதும் தெளிவாயின. 2000ஆம் ஆண்டில் அவ்வாசகம் நீக்கப்பட்டது.

1977இல் அஞ்சியோரைப் பழித்தல் தகாது. கண்டதைக் கொண்டே அவர்கள் அஞ்சினர். ஆயினும், எவ்வுருவில், எவ்வளவில், எவ்வுயிருக்கு என்னும் வினாக்களுக்கு விடை கிடைக்குமுன் பெயரின்மீது எழுதப்பட்ட தீர்ப்பு இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக நிலைத்தது. அத்தனை காலமும் நோயாளர் தம் கோப்பையில் இனிப்போடு அச்சத்தையும் கலந்தே அருந்தினர்.