98 டிகிரி

கல்யாண வீடியோ 68 சதவீதத்தில் நின்றபோது மணி ராத்திரி ஒன்றரை. நின்றது எக்ஸ்போர்ட் மட்டும் இல்லை. திரை பட்டென்று கறுத்து லேப்டாப்பே அணைந்துவிட்டது. அந்த வாரத்தில் அது நான்காவது தடவை. கீபோர்டின் மேல்வரிசையில் கை வைத்தேன். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி வைத்து, அதே வேகத்தில் எடுத்தேன்.

அந்த லேப்டாப் என் அக்காவின் இரண்டு வளையல். உருவகமாகச் சொல்லவில்லை. காலேஜ் முடித்து, எடிட்டிங்தான் செய்வேன் என்று நான் அடம்பிடித்தபோது வீட்டில் யாரும் அசையவில்லை. அக்காதான் வளையலைக் கழற்றி அடகு வைத்துப் பணத்தைக் கையில் கொடுத்தாள். இன்னும் மீட்கவில்லை, வட்டி கட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் இதற்கு உடம்பு சரியில்லை என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒருநாள் போனில், "என்னல, ஃபேன் சத்தம் இங்க வரைக்கும் கேக்கு, மாவு மில்லுலயா இருக்க?" என்றாள். வெயில் அதிகம் என்று சமாளித்தேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, போர்டு போயிருச்சு. எட்டாயிரத்து ஐந்நூறு ஆவும். இல்லன்னா பழசாக் குடுத்திருங்க, பாத்துத் தாரேன்." தலையாட்டிவிட்டு வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் யோசனை வந்தது. போர்டு போயிருந்தால் விடிகாலை ஐந்து மணிக்கு மட்டும் எப்படி நல்ல பிள்ளையாக ஓடுகிறது?

வீட்டுக்கு வந்து வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினேன். சும்மா இருக்கும்போதே 70 டிகிரி. எக்ஸ்போர்ட் தொடங்கிய இரண்டாவது நிமிடம் 98. பல லேப்டாப் ப்ராசசர்களுக்கு 100-தான் எல்லை. அதை நெருங்கியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்கவில்லை என்றால் கருகுவதற்கு முன்னால் அணைந்துவிடும். நான் கோளாறு என்று நினைத்தது அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. சூடு வெளியே போகிற பாதையில்தான் எங்கோ அடைப்பு.

சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், காலாவதியான ஏடிஎம் கார்டு, மேக்கப் பிரஷ். அடிமூடியைக் கழற்றி முதல் காரியமாக பேட்டரி கனெக்டரைப் பிரித்தேன். கை நடுங்கியது. வளையல் ஞாபகம்தான்.

உள்ளே இருக்கிற ஹீட்சிங்க் அழகான பொருள். ப்ராசசர் மேல் ஒரு செப்புத் தகடு, அதிலிருந்து தட்டையான செப்புக் குழாய் ஒன்று ஓரத்துக்கு ஓடுகிறது. அது வெறும் செம்புக் கம்பி இல்லை. காற்றை உறிஞ்சியெடுத்த குழாய்க்குள் கொஞ்சூண்டு தண்ணீர். சூடான முனையில் அது ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து, உட்சுவரின் நுண்ணிய துளைகள் வழியே திரும்பி வரும். நம் மடிமேல் ஒரு குட்டி மழைக்காலம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள். ஃபேன் அந்த இடுக்குகள் வழியாகச் சூட்டை வெளியே ஊதும்.

ஊத வேண்டிய இடத்தில் ஒரு கம்பளித் துண்டு இருந்தது. தூசிதான். ஆனால் பொடியாக இல்லை, நெய்தது போல அடை. விரலால் பிடித்து இழுத்தால் முழுசாக வந்தது. அதில் பச்சை நூல்கள். எனக்குத் தெரிந்த பச்சை. கல்யாணமாகிப் போகும்போது அக்கா விட்டுப்போன போர்வை. மூன்று வருஷமாக மெத்தையில், அந்தப் போர்வைமேல் வைத்துத்தான் எடிட் செய்தேன். கீழே காற்று இழுக்கும் ஓட்டைகளைப் போர்வையால் பொத்தி, அதன் நூலையே தின்னக் கொடுத்திருக்கிறேன்.

தூசி எடுக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடலாம். நண்பன் பஞ்சர் கடையில் காற்றடிக்கச் சொன்னான். அந்தக் காற்றில் தண்ணீரும் வரும், வேண்டாம்.

பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவில் மேடுபள்ளம் உண்டு. அதில் நிற்கும் காற்று சூட்டைக் கடத்தாது. அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் பேஸ்ட். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நடுவில் பட்டாணி அளவுக்கும் குறைவாக வைத்து, 1, 2, 3, 4 என்று எண் போட்ட திருகுகளை வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். 80 டிகிரி! தெருவில் ஓடிப்போய்ச் சொல்ல ஆள் தேடினேன்.

பத்தே நிமிடத்தில் திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள்.

தப்பு என்னுடையது. கிராபிக்ஸ் மெமரி சில்லுகள்மேல் ரப்பர் மாதிரி ஒட்டியிருந்த தெர்மல் பேட் கிழிந்ததால் தூக்கிப்போட்டு, அங்கேயும் பேஸ்டையே தடவியிருந்தேன். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. சில்லுகள் தகட்டைத் தொடவே இல்லை. பேட் வாங்கும்போதும் புத்தி போகவில்லை, கனமாக இருந்தால் நல்லதுதானே என்று 1.5 மில்லிமீட்டர் வாங்கினேன். அது ஹீட்சிங்கையே தூக்கிவிட்டது, ப்ராசசர் மறுபடி 95. மூன்றாம் தடவை, புதுப் பேஸ்ட், 1 மில்லிமீட்டர் பேட். எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள். கல்யாண வீடியோவை இதற்குள் நண்பன் வீட்டு டெஸ்க்டாப்பில் முடித்து, ஒருநாள் தாமதமாகக் கொடுத்துத் திட்டு வாங்கியிருந்தேன்.

இப்போது பின்பக்கம் இரண்டு தண்ணி பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுத்து, மேஜைமேல்தான் ஓடுகிறது. என் அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாத மத்தியானத்தில் அறையே 38 டிகிரி. உள்ளே இழுக்கிற காற்றே அப்படி இருக்கும்போது எந்த ஹீட்சிங்க்கும் அதற்குக் கீழே இறக்க முடியாது. ஆனாலும் மூன்று மணிநேர எக்ஸ்போர்ட்டில் 83-ஐத் தாண்டவில்லை.

லீவுக்கு அக்கா பிள்ளையோடு வந்தாள். அவனுக்குக் கார்ட்டூன் போட்டு, லேப்டாப்பை அந்தப் பச்சைப் போர்வைமேல் வைத்தாள். நான் பாய்ந்து எடுத்தேன்.

"என்னல, சாமி சிலையா இது?"

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். அணைந்தது, கடைக்காரர், மூன்று தடவை பிரித்தது. போர்வையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நடுவில் நூல் போய் மெலிந்திருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அந்த எட்டாயிரத்து ஐந்நூறு கேட்டவன் கடை எங்கல இருக்கு?" என்றாள்.