‘இல்’ என்னும் உருபும் எம் தந்தியும்

ஏழாம் வேற்றுமைக்கு நன்னூலார் 28 உருபுகளை ஓதினாரேனும், இக்காலத்து வழக்கில் பெரிதும் பயில்வது ‘இல்’ என்னும் ஒன்றேயாம். வீட்டில், வீதியில், கப்பலில், கடலில் என எவ்விடத்தும் அது முகங்கோணாது வந்து நிற்கும். அவ்வெளிமையை நம்பியே யாம் இடர்ப்பட்டோம்.

1971-ஆம் ஆண்டு யாம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவராயிருந்தோம். எம் அத்தையார் நோயுற்று வைத்தியசாலையிற் சேர்க்கப்பட, தந்தையார் இரவும் பகலும் அவரருகே தங்கினார். அவ்வேளை பம்பாயில் வேலை பார்த்த எம் தமையனார், ஒரு காரியங்குறித்துத் தந்தையாரின் கருத்தை வினவித் தந்தியடித்தார். வீட்டில் ஆங்கிலமறிந்தவர் யாம் ஒருவரே. அப்பெருமிதத்தோடு தபாலாபீசுக்குச் சென்று, ‘ஃபாதர் இன் ஹாஸ்பிட்டல், லெட்டர் ஃபாலோஸ்’ என மறுமொழி விடுத்தோம். தந்தையார் வைத்தியசாலையில் இருக்கிறார், கடிதம் பின்வரும் என்பதே எம் கருத்து.

நான்காம் நாட்காலை தமையனார் வாயிலில் வந்து நின்றார். கடன்பட்டுச் சீட்டு வாங்கி, இரண்டு இரவுகள் இரயிலில் உறங்காது வந்திருந்தார். அத்தையாருக்கு நோய் தணிந்தமையால் வீடு திரும்பித் திண்ணையிற் காப்பி அருந்திக்கொண்டிருந்த தந்தையாரைக் கண்டதும், பேச்சற்று அப்படியே படியில் அமர்ந்துவிட்டார்.

மாணவ நண்பர்காள்! ஆங்கில நாட்டார் வழக்கில் ‘இன் ஹாஸ்பிட்டல்’ என்றால் நோயாளியாய்ப் படுத்திருத்தல். ‘அட் தி ஹாஸ்பிட்டல்’ என்றால் யாதாயினும் ஒரு காரணம்பற்றி அவ்விடத்திருத்தல். ‘இன் பிரிசன்’ இருப்பவர் கைதி. ‘அட் தி பிரிசன்’ இருப்பவர் காவலராகலாம், கைதியைக் காணவந்த தாயுமாகலாம். இதனையே விதியாகக் கொண்டு எங்குஞ் செலுத்தலாமோவெனின், கடல் அதற்கு உடன்படாது. ‘அட் சீ’ என்றால் கப்பலிற் செல்பவர். ‘இன் தி சீ’ என்றால் நீரில் இறங்கியவர். ‘அட் தி டேபிள்’ உண்பவர் மனிதர். ‘ஆன் தி டேபிள்’ உண்பது பெரும்பாலும் பூனை. இவை அனைத்தையும் நம் ‘இல்’ ஒன்றே தாங்கிக்கொள்ளும். குறிப்பறிந்து பொருள்கொள்ளுதல் கேட்பவர் பாடு. தந்தியிலோ குறிப்பறிய யாதுளது? ‘இன்’ என்பதற்கும் ‘அட்’ என்பதற்கும் கட்டணம் ஒன்றே. சிக்கனமும் எமக்குச் சாக்காகவில்லை.

தமையனார் எம்மைக் கடியவில்லை. மாலையில் அத்தந்தித்தாளைச் சட்டைப்பையினின்று எடுத்து, ‘இன்’ என்பதனை அடித்து, அதன்மேல் ‘அட்’ என எழுதி எம் கையிற் கொடுத்தார். அவர் பம்பாய் திரும்புஞ் செலவுக்கு அன்னையாரின் வளையல் ஒன்று அடகு சென்றது. தந்தி முறையே 2013-ஆம் ஆண்டு நம் நாட்டில் நிறுத்தப்பட்டது; அத்தாள் எம் ஆங்கில அகராதியினுள் இன்னும் இருக்கிறது.