இடமும் எண்ணும்

விண்டோஸ் 98க்கு நினைவகத்தை அதிகமாகக் கொடுத்தால், நினைவகம் போதவில்லை என்கிறது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இன்றைய கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே ஆன இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி (விர்ச்சுவல் மெஷின் என்பார்கள்) அதில் 1998இல் வெளிவந்த அந்த இயங்குதளத்தை ஏற்றுகிறவர்கள் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். 256 மெகாபைட் ஒதுக்கினால் சமர்த்தாக ஓடுகிறது. 512ஐத் தாண்டினால் தடுமாற்றம் தொடங்கலாம். ஒரு ஜிகாபைட்டில், துவங்கவே நினைவகம் இல்லை என்று நின்றுவிடக்கூடும்.

காரணம் ஸ்தூலமானது. வட்டிலிருந்து படித்ததைக் கையருகே வைத்துக்கொள்ள வீகேஷ் என்றொரு பகுதி இருக்கிறது. மொத்த நினைவகம் எவ்வளவு என்று பார்த்து அது தன் பங்கை நிர்ணயித்துக்கொள்கிறது. ஆனால் அது உட்காரவேண்டிய முகவரிகளோ, இயங்குதளம் தனக்கென வைத்திருக்கும் ஒரு ஜிகாபைட் எல்லைக்குள்தான். அவற்றை வீகேஷே வளைத்துப் போட்டுக்கொண்டபின் மற்றவற்றுக்கு எண் கிடைப்பதில்லை. சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில், நிலத்துக்கு விதித்தமாதிரி, வீகேஷுக்கு ஓர் உச்சவரம்பு எழுதிவைப்பது ஒரு பரிகாரம். குறைவாக ஒதுக்குவது இன்னொன்று.

ஆக, தீர்ந்துபோவது இடமல்ல, இடத்தைச் சுட்டும் எண். 32 பிட்டால் சுட்டக்கூடிய முகவரிகள் 4,294,967,296. அதாவது நான்கு ஜிகாபைட். 2001இல் வந்த எக்ஸ்பியின் 32 பிட் பதிப்பில் வழக்கமாக அதில் பாதி இயங்குதளத்துக்கு, பாதி ஓடுகிற நிரலுக்கு. நினைவகம் என்ற சொல்லில் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. அங்கே இருப்பது கதவிலக்கம் போட்ட அறைகளின் வரிசை. நினைவுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

இதில் எனக்கு என்ன அக்கறை? மறைந்த நண்பர் ஒருவரின் கவிதைகள் அந்தக் காலத்துக் கோப்புகளில், அந்நாளைய தமிழ் எழுத்துரு ஒன்றில் கிடக்கின்றன. அங்கேயும் எண்தான் பிரச்னை. அத்தகைய எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் போக, தமிழின் 247க்கு இடமேது? கொம்பும் காலும் தனித்தனியே உட்கார்ந்தன. ‘கெ’ என்பதில் கை எழுதுகிற மாதிரியே கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. திரையில்தான் வரிசை மாறித் தெரிகிறது.

மாற்றித் தரும் நிரல்கள் எழுத்தைப் பெரும்பாலும் சரியாகவே கொண்டுவந்து சேர்க்கின்றன. நண்பர் விட்டுவைத்த வெளியை என்ன செய்வது? அவர் இடைவெளிகளை எண்ணி எண்ணித் தட்டியவர். எழுத்துருவின் அகலம் மாறியதும், ஒரு சொல்லுக்கு நேர்க்கீழே நின்ற சொல் நகர்ந்துவிடுகிறது. புத்தகம் சீக்கிரம் வரவேண்டும் என்கிற நண்பர்கள், “அர்த்தம் வந்துவிட்டதே” என்கிறார்கள். அர்த்தம் வந்தால் போதும் என்கிறவர்களோடு நாம் இத்தனை வருஷம் சண்டை போட்டது எதற்காக?

எனவே மாற்றிய பிரதியைப் பழைய திரையோடு வைத்து வரிவரியாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முப்பத்தோரு கவிதைகளில் ஒன்பது முடிந்திருக்கின்றன. பழைய இயங்குதளத்தைக் காலத்துக்கும் காப்பாற்றவேண்டும் என்பதல்ல என் வாதம். அது போகத்தான் போகிறது. மிச்சம் இருபத்திரண்டும் முடிகிறவரை அது ஓடவேண்டும். அதுவரை 256 மெகாபைட்டுக்குமேல் அதற்குக் கொடுப்பதாக இல்லை.