விடுமுறை நெரிசலில் நயாகரா முந்திரிகைத் தோட்டங்கள்

ஒன்ராறியோ மாகாணத்திலே ஆகஸ்ட் மாதத்து முதலாவது திங்கட்கிழமை பெரும்பாலானோருக்கு விடுமுறை நாள். ரொறன்ரோ நகரத்தார் அதனைச் சிம்கோ தினம் என்பர். சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாட்கள் ஒருசேர வாய்ப்பதால், மாதக்கணக்கில் குளிருக்கு ஒடுங்கிக் கிடந்த அந்நகர மக்கள் அந்நாட்களை வீட்டினுள்ளே கழிக்க இசையார். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்துவர யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலுமிருந்து கோடையிலே அங்கு செல்லும் மூத்தோரும் இந்தப் பெரும் புறப்பாட்டில் அகப்பட்டுக்கொள்வர். "அம்மா, இம்முறை வைனறி பார்க்கப் போவோம்" என்று இளையோர் கூறுவதை எமது வாசகர் பலர் இப்போது கேட்டிருப்பர்.

வைனறி என்றதும் மூத்தோர் முகம் சுளிப்பது இயல்பே. தவறணை ஒன்றுக்குக் குடும்பத்தோடு போவதா என்று அவர்கள் அஞ்சுகின்றனர். ஆனால் வைனறி என்பது முதலிலே ஒரு தோட்டம், பின்னரே மதுச்சாலை. முந்திரிகையைப் பயிரிட்டு, பழத்தைப் பிழிந்து, சாற்றைப் புளிக்கவைத்து, மரப்பீப்பாய்களில் முதிரவிட்டு, அத்தோட்டத்தின் நடுவிலேயே வைத்து விற்பர். தோலகட்டி ஆச்சிரமத்து முந்திரிகை ரசத்தை அறிந்த யாழ்ப்பாணத்தாருக்கு இதனை விரித்துக் கூற வேண்டியதில்லை. எமது ஊரில் முந்திரிகை தலைக்கு மேலே பந்தலிற் படர்கின்றது. நயாகராவிலோ கம்பி இழுத்த வேலியாக வரிசை வரிசையாய் நிற்கின்றது. குறைந்த வெயிலை இலைகள் இருபுறமும் பெறவேண்டும் என்பதற்காகவே அங்ஙனம் வளர்க்கின்றனர்.

இத்தகைய பயணத்தில் முதலிலே தீர்க்கவேண்டியது எந்தத் தோட்டத்துக்குப் போவது என்பதன்று. வண்டியை ஓட்டுவது யார் என்பதே. ருசி பார்க்கக் கொடுப்பது சிறிதளவுதானே என்று பலர் எண்ணுகின்றனர். ஓரிடத்தில் நான்கு வகை, வகைக்கு நாற்பது மில்லிலீற்றர் எனக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு இடங்களில் 320 மில்லிலீற்றர் ஆகின்றது. அது இரண்டு கிளாசுக்கு மேல். ஐந்து இடங்களுக்குப் போனவர், தம்மை அறியாமலே ஒரு முழுப் போத்தலுக்கும் மேலாக உட்கொண்டிருப்பார். கனடாச் சட்டப்படி 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் இருப்பின் அது குற்றம். ஒன்ராறியோவில் 50 மில்லிகிராம் இருந்தாலே அவ்விடத்திலேயே அனுமதிப்பத்திரத்தைப் பறித்துச் சில நாட்களுக்கு இடைநிறுத்துவர். இருபத்திரண்டு வயது நிறையாத சாரதிக்கு ஒரு துளியும் ஆகாது. "தம்பி ஓட்டுவான்" என்று சாவியைக் கொடுக்கும் தகப்பன்மார் இதனை மறத்தலாகாது. 2018ஆம் ஆண்டு இறுதி முதல், முறைப்படி மறித்த எந்தச் சாரதியையும், சந்தேகம் ஏதுமின்றியே, ஊதிக்காட்டும்படி பொலிசார் கேட்கலாம்.

சட்டத்தைவிடப் பெரிதாக எமக்குப் படுவது வேறொன்று. அத்தோட்டங்களுக்கு இடையே செல்லும் வீதிகள் ஒடுக்கமானவை. இரு மருங்கிலும் பள்ளமான வாய்க்கால்கள் உள்ளன. மாலை வேளைகளில் அவ்வீதிகளிலே பழைய சைக்கிள்களில் ஆடவர் பலர் செல்வதைக் காணலாம். அவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். 1966ஆம் ஆண்டில் யமெய்க்காவுடனும், 1974ஆம் ஆண்டில் மெக்சிக்கோவுடனும் தொடங்கிய ஓர் ஏற்பாட்டின்படி, ஆண்டுதோறும் எட்டு மாதம் வரையில் வந்து தங்கி, கொடிகளைக் கத்தரிப்போரும் பழம் பறிப்போரும் இவர்களே. மனைவி மக்களை ஊரிலே விட்டு, தோட்டத்து விடுதிகளில் உறங்கி, ஓய்ந்த நேரத்தில் கடைக்குச் சைக்கிளிற் போய்வருகின்றனர். மத்திய கிழக்குக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு நாட்களை எண்ணும் வீடுகள் எம்மிடையேயும் குறைவல்ல. நாம் பருகும் மதுவை விளைவித்தவனையே, அதனைப் பருகிய கையால் வாய்க்காலிலே தள்ளுவது எத்தகைய கொடுமை! ஆகையால் மது அருந்தாத ஒருவர் குடும்பத்தில் இல்லையெனில், வான் அமர்த்திச் செல்க. அல்லது ரொறன்ரோ யூனியன் நிலையத்திலிருந்து சென் கதரின்ஸ் வழியாக நயாகராவுக்கு ஓடும் புகையிரதத்திற் செல்க.

இனி, மூன்று நாளில் எந்த நாள்? சனிக்கிழமை காலையில் நகரமே வெளியேறுகின்றது. திங்கட்கிழமை மாலையில் நகரமே திரும்புகின்றது. இடைப்பட்ட ஞாயிறே நல்ல நாள். நயாகரா-ஒன்-த-லேக் என்னும் ஊர் ரொறன்ரோவிலிருந்து தரைவழியே ஏறக்குறைய 130 கிலோமீற்றர். நெரிசலற்ற நாளில் ஒன்றரை மணி நேரப் பயணம். விடுமுறை நாளில் அது மூன்று மணியாகவும் நீளும். ஆதலின் காலை ஏழு மணிக்கு முன்பே வண்டி வீதியில் நிற்றல் வேண்டும். தலைவாரலும் தேநீரும் முடிந்து எமது குடும்பங்கள் ஏழு மணிக்குப் புறப்பட வேண்டுமாயின், ஆறு மணிக்கே புறப்பாடு என்று முதல்நாள் இரவு அறிவித்துவிடுதல் உசிதம். ஸ்காபரோ, மார்க்கம் பகுதியினர் கட்டணம் செலுத்தி 407ஆம் இலக்கப் பெருந்தெருவாற் சென்று, பேர்லிங்டனில் மகாராணி எலிசபெத் பெருந்தெருவைச் சேரலாம். அப்பாலே ஏரியின் தலைப்பகுதியைக் கடக்கும் உயர்ந்த பாலம் 1958ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் உச்சியில் இடப்புறம் விரியும் நீர்ப்பரப்பைக் கண்டு கடலென்றே மயங்குவோர் உளர்.

தோட்டங்கள் பத்து மணிக்கு முன்னர் திறப்பது அரிது. அதுவரை காத்திருக்க வெலண்ட் கால்வாயினும் சிறந்த இடம் வேறில்லை. ஒன்ராறியோ ஏரிக்கும் ஈரி ஏரிக்கும் இடையேயுள்ள ஏறக்குறைய நூறு மீற்றர் உயர வேறுபாட்டை, எட்டு நீர்ப்பூட்டுகளால் கப்பல்கள் ஏறி இறங்குகின்றன. சென் கதரின்சில் மூன்றாவது பூட்டின் அருகே மேடையொன்று அமைத்துள்ளனர். வீதியளவு நீளமான கப்பல் ஒன்று தொட்டியினுள் நின்றபடியே மெல்ல மெல்ல எழும்புவதைச் சிறுவரும் கிழவரும் ஒருங்கே வாய் திறந்து பார்ப்பர். ஆனால் கீழ்வீதிகளிற் செல்வோர்க்கு ஓர் எச்சரிக்கை: கப்பல் வரும்போது பாலத்தைத் தூக்கிவிடுவர். கப்பலுக்கு விடுமுறை கிடையாது.

கால்வாய்க்கு அப்பாலும் முந்திரிகைத் தோட்டங்கள் உள்ளன. குளிர் நாட்டில் இக்கொடி வாழ்வதற்கு ஏரியே காரணம். 244 மீற்றர் வரை ஆழமான அந்நீர், கோடையின் வெப்பத்தைச் சேமித்து வைத்து இலையுதிர் காலத்தில் மெல்ல வெளிவிடுகின்றது. வசந்தத்திலோ குளிர்ந்த காற்றை வீசி, கொடி காலந்தவறித் துளிர்த்து உறைபனியிற் கருகாமற் காக்கின்றது. தெற்கே நீண்டு கிடக்கும் செங்குத்தான மலைவிளிம்பு அக்காற்றைத் தடுத்து மீண்டும் தோட்டங்களின் மீது திருப்புகின்றது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பழமுண்ணலாம் என்று எவரும் ஆசைப்படவேண்டாம். குலைகள் அப்போது பச்சைக் காய்களே. சில வகைகள் அம்மாதத்திலேதான் நிறம் மாறத் தொடங்கும்.

இந்தத் தொழிலின் வரலாறு பழையதுபோலத் தோன்றினும், இன்றைய உருவம் அண்மையது. 1929ஆம் ஆண்டின் பின்னர் ஒன்ராறியோவிற் புதிய வைனறிக்கு அனுமதி கிடைத்தது 1975ஆம் ஆண்டில்; டொனால்ட் சிறால்டோ, கார்ல் கைசர் என்ற இருவர் தொடங்கிய இனிஸ்கிலின் அதனைப் பெற்றது. 1988ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவுடன் தடையற்ற வர்த்தக உடன்படிக்கை ஏற்பட்டபோது, மலிவான அமெரிக்க மதுவுக்கு ஈடுகொடுக்க இயலாது என்றஞ்சி, பழைய நாட்டுவகைக் கொடிகளைப் பிடுங்க விவசாயிகளுக்கு அரசு பணமளித்தது. பிடுங்கிய நிலங்களில் றீஸ்லிங், சார்டனே, கபர்னே பிராங்க் முதலிய ஐரோப்பிய வகைகள் பெருகின. அழியுமென்று பலர் அஞ்சிய தொழில் அதன் பின்னரே பெயர் பெற்றது. 1991ஆம் ஆண்டில், பிரான்சின் போர்தோ நகரக் கண்காட்சியில், இனிஸ்கிலினின் 1989ஆம் ஆண்டு ஐஸ் வைன் உயர்ந்த விருதைப் பெற்றது.

அந்த ஐஸ் வைனைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். பழுத்த குலைகளைப் பறிக்காது, பறவைகளுக்கு வலை கட்டி, மார்கழி தைக் குளிர்வரை கொடியிலேயே விட்டுவிடுவர். வெப்பநிலை சைபருக்குக் கீழே எட்டுப் பாகையைத் தொட்ட பின்னரே, பெரும்பாலும் இரவில், கல்லாய் உறைந்த பழங்களைப் பறித்து அப்படியே பிழிவர். நீர் பனிக்கட்டியாகத் தங்கிவிட, தேன்போன்ற சாறு சிறிதே வடியும். அதனாலேதான் போத்தல் சிறிது, விலை பெரிது. இரவு முழுதும் கை விறைக்க நின்று பறித்தவர்களை நினைப்போர் அவ்விலையைக் குறைகூறார்.

விடுமுறை நாளில் இரண்டு தோட்டங்களே போதும் என்பது எமது உறுதியான எண்ணம். நதியோரப் பாதையிலுள்ள பெரிய தோட்டம் ஒன்றைக் காலையிலே, திறந்தவுடன், பார்த்துவிடுக. இனிஸ்கிலின் ஆயின், 1920களில் எழுந்த பழைய களஞ்சியம் ஒன்றும் அங்குண்டு. மாலையில் உள்வீதியிலுள்ள சிறிய தோட்டம் ஒன்றுக்குச் செல்க. அங்கே நின்று பேச நேரமுள்ள மனிதர் இருப்பர். இரண்டுக்கும் வாரத் தொடக்கத்திலேயே தொலைபேசியில் நேரம் குறித்துக்கொள்ளல் வேண்டும். எத்தனை பேர், அவருள் சிறுவர் எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிடுக. முன்னறிவித்தலின்றி வந்த பதினொருவர் கொண்ட குடும்பமொன்று, உச்சிவெயிலில் மரநிழலொன்றிலே ஒன்றரை மணி நேரம் குந்தியிருந்ததை நாம் கண்டோம். கோபம் தோட்டத்தார் மீதா, மருமகன் மீதா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை.

ருசி பார்த்த மதுவை விழுங்காமல் அங்குள்ள பாத்திரத்தில் உமிழ்ந்துவிடுதல் அநாகரிகமன்று. தொழிலறிந்தோர் அங்ஙனமே செய்கின்றனர். பத்தொன்பது வயது நிறையாதவர்க்கு ருசி பார்க்கவும் இடமில்லை.

மதிய உணவுக்குக் குயின்ஸ்ரன் மேட்டுப் பூங்காவே உகந்தது. பெரும்பாலான தோட்டங்களிலே வெளி உணவை அனுமதியார். இங்கோ மேசையும் நிழலும் தாராளம். கட்டுச்சோறு, றோல்ஸ், அவித்த கடலை யாவும் எடுத்துச் செல்லலாம். 1812ஆம் ஆண்டு ஒக்ரோபர் 13ஆம் திகதி அமெரிக்கப் படையோடு பொருது இம்மேட்டிலே வீழ்ந்த சேர் ஐசக் புறொக்கின் நினைவுத்தூண் 56 மீற்றர் உயரத்தில் நிற்கின்றது. மதுவை நாடாத மூத்தோர் அன்று மிக மகிழ்வது இவ்விடத்திலேதான். அருகே செல்லும் நதியோரப் பாதையில் 1943ஆம் ஆண்டில் வண்டியிற் சென்ற சேர்ச்சில், ஞாயிறு மாலைச் சவாரிக்கு அதற்கு நிகரில்லை என்று புகழ்ந்தாராம்.

இத்தனை தூரம் வந்துவிட்டு நயாகரா நீர்வீழ்ச்சியைப் பாராமற் போவதா என்று எவரேனும் கேட்பர். பார்க்கவேண்டியதே, ஆனால் அன்றன்று. விடுமுறை ஞாயிறிலே வண்டி நிறுத்த இடந்தேடியே இரண்டு மணி நேரம் கரையும். வாரநாள் ஒன்றை அதற்கென ஒதுக்குக.

மாலை ஐந்து மணியளவில் நயாகரா-ஒன்-த-லேக் ஊருக்குள் நுழையலாம். விடுமுறைக்குப் பெயர் தந்த ஜோன் கிரேவ்ஸ் சிம்கோ, மேற் கனடாவின் முதலாவது சட்டசபையை 1792ஆம் ஆண்டில் கூட்டியது இவ்வூரிலேதான். அடிமைமுறையைக் கட்டுப்படுத்தும் சட்டம் மறு ஆண்டில் இங்கு நிறைவேறிற்று. 1813ஆம் ஆண்டு டிசெம்பரில் பின்வாங்கிய அமெரிக்கப் படை ஊரைக் கொளுத்திச் சென்றது. இன்று காணும் அழகிய வீடுகள் அதன்பின் எழுந்தவை. நதி ஏரியிற் கலக்குமிடத்தில் புற்றரையொன்று உண்டு. எதிர்க்கரையில் அமெரிக்கக் கோட்டை தெரியும். வானம் தெளிந்திருந்தால், ஏரிக்கு அப்பால், காலையிலே நாம் விட்டுவந்த ரொறன்ரோவின் கோபுரங்கள் நீர்மேல் நட்ட குச்சிகள்போலத் தோன்றும். நீர்வழியே ஐம்பது கிலோமீற்றர் அளவே. தரைவழியே மீண்டும் ஏரியைச் சுற்றவேண்டும்.

எட்டு மணி வரையில் அப்புற்றரையை விட்டு எழாதீர்கள். பெருந்தெரு அப்போதுதான் சற்று ஆறத் தொடங்கும். வழியோரக் கடையொன்றில் முன்னரே வாங்கிய பீச் பழக்கூடை சிறுவர் மடியில் இருக்கட்டும். அது அங்கே ஆகஸ்டின் பழம். நாள் முழுதும் தண்ணீரும் கோப்பியும் மட்டுமே அருந்தி வண்டியோட்டியவருக்கென ஒரு சிறிய ஐஸ் வைன் போத்தல் வாங்கி, மூடி திறவாமல் வண்டியின் பின்பெட்டியில் வைத்துவிடுக. வீடு சேர்ந்து, சாவியை ஆணியில் மாட்டிய பின்னர் அவர் அதனைத் திறப்பார்.